பெயர் எழுத வேண்டாம்

மூன்றாவது லட்சணத்தில் இருக்கிறார் பேராசிரியர். நல்ல சிறுகதைக்கு ஏழு லட்சணம் என்று வந்ததுமே ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் விரித்துக் காட்டிவிட்டார், அதனால் எனக்குக் கணக்கு சுலபம், இன்னும் நாலு விரல் மடங்க வேண்டும், விரல் முடிந்தால் சால்வை, சால்வை முடிந்தால் பெட்டி, பெட்டியைத் திறந்தால் நான்தான். நூலக மாடியில் பதினாலு நாற்காலி, ஒன்று காலி, கடைசி வரிசையில் கதவை ஒட்டினது, அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிய்யா என்கிறது. அதை நான் எட்டாம் வகுப்பிலேயே தொண்டைக்குள் எடுத்துவிட்டேன், பரீட்சை ஹாலில் விசிறி ஓடாதபோது நான் கிய்யா என்றதும் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் தலைக்கு மேலே பார்த்து முந்தானையை இறுக்கிக்கொண்டார், அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம். பேராசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் "என்று சொன்னால் அது மிகையாகாது" என்று இறக்கி வைக்கிறார், சொல்வதற்கு முன்னால் உதட்டை ஒரு தரம் நனைக்கிறார், மிகையில் ஏறி ஆகாதுவில் படி இறங்குகிறார், பத்தே நிமிஷத்தில் ஆள் முழுசாக என் தொண்டைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார், இறங்குங்க சார் என்றால் இறங்க மாட்டேன் என்கிறார். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுகிறேன். நூலகர் அமல்ராஜ் சார் என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறார். படியேறும்போதே பிடித்துவிட்டார். "ஏ பெனினா, மொகம் ஒரு மாதிரி இருக்கு, ஏதும் வேல வச்சிருக்கியாட்டி?" "இல்ல சார்." "நீ இல்லன்னு சொன்னாத்தான் எனக்குப் பயமே."

வைத்திருக்கிறேன். மேஜைமேல் இருக்கிற பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், நாலு பக்கம், நாலாக மடித்து. பெட்டி என்றால் நூலகத்தின் ஆலோசனைப் பெட்டி. பச்சை பெயின்ட், மேலே ஒரு வாய், சின்னதாக ஒரு பூட்டு. பத்து வருஷத்தில் அதற்குள் விழுந்த ஒரே ஆலோசனை கழிவறைக்கு வாளி வேண்டும் என்பது, வாளி இன்னும் வரவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று அமல்ராஜ் சார் அதை வாசகர் வட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். கதை எழுதுகிறவர்கள் மாதம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் அதில் போடலாம், இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் திறப்பார்கள், ஒரே ஒரு சட்டம், அதைப் பெட்டியின் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறார், பெயர் எழுத வேண்டாம். யார் எழுதியது என்று கேட்கவும் கூடாது, நான்தான் என்று சொல்லவும் கூடாது. முன்னே ஒரு காலத்தில் பெயர் போட்டுத்தான் படித்தார்களாம், உன் கதையை நான் குறை சொன்னேன், என் கதையை நீ குறை சொன்னாய் என்று இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கட்டு வரை போய்விட்டார்களாம், அதிலிருந்து இந்தச் சட்டம். கதைகளை வாசிக்கிற வேலை எனக்கு வந்தது பரிசாக இல்லை, தண்டனையாக. பத்தாம் வகுப்பு லீவில் நூலக போனை எடுத்து அமல்ராஜ் சார் குரலில் வட்டத்து வேலாயுதம் சாரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நாளைக்குக் கூட்டம் கெடையாது, கரையான் வந்துட்டு, மருந்து அடிக்கோம்" என்றேன், அவர் பதினோரு பேருக்குச் சொல்லிவிட்டார், மறுநாள் அமல்ராஜ் சார் தன்னந்தனியாக ஒரு கேன் டீயோடு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை, "கொரல் இருக்குல்லா, வந்து மாசா மாசம் வாசி" என்றார். வாசித்தேன். சும்மா வாசிக்க எனக்கு எப்படி வரும். முதல் மாசமே ஒரு கதையைப் பேருந்து நிலைய ஒலிபெருக்கி அம்மா குரலில் வாசித்தேன், அடுத்ததைக் கருவாட்டுக்காரர் குரலில், சிரித்துச் சிரித்து ஒருத்தர் நாற்காலியோடு சாய்ந்தார், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது, கதை எழுதினது யார் என்று கேட்கக் கூடாதே தவிர யார் குரல் என்று கேட்கலாமே, இரண்டு வரி வாசிப்பதற்குள் "யார் கொரலுட்டி" என்று ஒருத்தர் கேட்பார், "நம்ம தபால்காரர்" என்று ஒருத்தர் பிடிப்பார், கைதட்டல். அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அது மழையில் நனைகிற மாதிரி, போதும் என்று உள்ளே ஓடத் தோன்றவே தோன்றாது.

நாலாவது விரல் மடங்கிவிட்டது. நாலாவது லட்சணம் பாத்திரங்களின் உயிர்ப்பு. காலி நாற்காலி காலியாகவே இருக்கிறது. போன மாசம் அந்த நாற்காலியில் டெய்லரக்கா இருந்தார். ஒரு வருஷமாக வருகிறார், ஒரு நாள்கூடக் கூட்டத்தில் வாய் திறந்து பேசினதில்லை, கடையிலிருந்து நேராக வருவார், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்துபோய் அப்படியே வருவார், கேட்பார், போவார். பேசாத ஆளிடம் எடுக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு இருமல் இருக்கிறது, யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாது என்று பாதியில் முழுங்குகிற இருமல், அதை எடுத்து வைத்திருக்கிறேன், டீ நீட்டினால் ஒரு "சரி" இருக்கிறது, அதையும். போன மாசம் மூன்று கதை. மூன்றாவதை விரித்தேன், முதல் வரி, முப்பத்தோரு வருஷம் நான் கூப்பிட்டு ஏறாத ஆளில்லை. அடுத்த பத்தியில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், ஆகவே டாக்டர் சொன்னார். ஆகவே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆகவே என்று பேசுகிற ஆள் எங்கள் வட்டத்தில் ஒருத்தர்தான், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற வேலாயுதம் சார், ஆகவே இல்லாமல் அவருக்கு டீ கூட வேண்டியிருக்காது, அதிலும் தன் கண் ஆபரேஷன் கதையை மூன்று மாசமாக எல்லாரிடமும் சொல்லி, எழுதப்போகிறேன், எழுதப்போகிறேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார். இது அவரேதான், கண்ணை மாற்றித் தொண்டை என்று போட்டிருக்கிறார், கெட்டிக்காரர், நம்மிடமேவா. நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அடுத்த வரியைக்கூடப் பார்க்கவில்லை. தொண்டையை அவர் மாதிரியே ஒரு இழுப்பு இழுத்தேன், ஹ்ரும், கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளுகிற மாதிரி விரலால் தள்ளினேன், "முப்பத்தோரு வருஷம், ஹ்ரும், நான் கூப்பிட்டு, ஆகவே," இல்லாத இடத்தில் எல்லாம் இரண்டு ஆகவே சேர்த்துக்கொண்டேன், மாடியே அதிர்ந்தது. வேலாயுதம் சாரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏ, இத நான் எழுதலப்பா, ஆனா நான்தாம்ப்பா இது" என்றார், எழுதலை என்று சொல்வதே சட்ட மீறல், அதனால் அவர்தான் எழுதினார் என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. கதையில் ஒரு மனுஷன் கரண்டியால் தம்ளரைத் தட்டுகிறான். அதையும் விடவில்லை, நாக்கை மேலண்ணத்தில் வைத்து டங் டங் என்றேன், எவர்சில்வரேதான், அப்போது வந்த சிரிப்பில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாசித்து முடித்தபோது எனக்கு வியர்த்திருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு டீ. எங்கள் வட்டத்தில் டீ என்பது டீ இல்லை, அதுவும் சட்டத்தில் ஒரு பாகம். வாசித்த காகிதங்களை மேஜைமேல் விட்டுவிட்டு எல்லாரும் கீழே இறங்கிவிடுவோம், எழுதினவர் எப்படியாவது ஒரு சாக்கு வைத்து மேலே வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு போவார், மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள், பார்க்கக் கூடாது, ஒருத்தரும் பார்த்ததில்லை. நான் ஒவ்வொரு மாசமும் பார்த்திருக்கிறேன். பொது அறிவு அலமாரிக்கும் சட்டப் புத்தக அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது, ஒல்லியான ஆள். அங்கிருந்துதான் எனக்கு எல்லாம் தெரியும், மளிகைக்கடை ராஜாமணி அண்ணன் காதல் கதை எழுதுவது தெரியும், கணக்கு டீச்சர் பேய்க்கதை எழுதுவது தெரியும். அன்றைக்கும் வேலாயுதம் சார் வருவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். படியில் செருப்புச் சத்தமே இல்லை. டெய்லரக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மேஜைப் பக்கம் போய் மூன்றாவது கதையை எடுத்தார், நான் வாசிக்கிற குஷியில் கசக்கி வைத்திருந்தேன் போலிருக்கிறது, அதை மேஜைமேல் பரப்பி உள்ளங்கையின் ஓரத்தால் ஒரு தரம் நீவினார், வெட்டப்போகிற துணியை நீவுகிற மாதிரி, திரும்ப ஒரு தரம் நீவினார், சுருக்கம் போகவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பைக் கையிலேயே பிடித்தபடி இறங்கிப் போனார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் அலமாரிச் சந்திலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று, அப்போதுதான் கதை எனக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒரு தரம் காதில் விழுந்தது எனக்குப் போகாது, என் வாயிலிருந்து வந்தாலும் காதுக்குத்தானே வருகிறது. செந்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருத்தன். கூப்பிட்டே பிழைத்தவன். தொண்டையில் கட்டி, ஆபரேஷன், குரல் போய்விட்டது. வீட்டில் அவன் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான், பெண்டாட்டி தையல் மெஷின் ஓட்டுகிறாள், அவனுக்குச் சொல்ல ஒரு தம்ளரும் ஒரு கரண்டியும் இருக்கிறது. பேச முடியாத ஒரு மனுஷனுக்காக அவன் பெண்டாட்டி நான், நான், நான் என்று நாலு பக்கம் எழுதி ஒரு வாய் செய்துகொடுத்திருக்கிறாள். அந்த வாயில் நான் வேலாயுதம் சாரைத் திணித்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது, அதற்கென்ன. கேட்க முடியாது, அதுதான் சிக்கல், அக்கா மன்னிச்சிருங்க என்றால் எதுக்கு என்று கேட்பார், உங்க கதையை அப்படி வாசிச்சதுக்கு என்றால் அது என் கதைன்னு உனக்கு யாரு சொன்னா என்று கேட்பார், அலமாரிச் சந்து வெளியே வரும், சட்டம் போகும், பேய்க்கதை டீச்சர் போவார், காதல் கதை அண்ணன் போவார், ஒருத்தரும் இனிமேல் பெட்டியில் எதையும் போட மாட்டார்கள். இருந்தாலும் போனேன். பள்ளிப் பாவாடையின் கொக்கியை நானே பிய்த்துக்கொண்டு போனேன். சின்னக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. "என்ன பிள்ள?" "கொக்கி போயிட்டுக்கா." "போட்டுட்டுப் போ, சாயங்காலம் வா." "இருந்தே வாங்கிட்டுப் போறேங்க்கா." "அப்பம் இரி." இருந்தேன். உள்ளே சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்தில் துண்டு சுற்றின ஒருத்தர். அக்கா எழுந்து போய் அவருக்கு டீ ஊற்றினார், தம்ளரில் டங், ஒன்று, கை நின்றது, போதும் என்று அர்த்தம். "கடையப் பாத்துக்கிடுதியளா, நான் பால் வாங்கிட்டு வந்துருதேன்" என்றார், டங் டங், இரண்டு, சரி போ என்று அர்த்தம். எனக்கு உடனே பிடிபட்டது, கதையில் இருந்ததும் இதுதான், பஸ்ஸில் விசில் அப்படித்தானே, ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. பார்த்த மாத்திரத்தில் யாரையும் நான் எடுத்துவிடுவேன், இவரிடம் எடுக்க ஒன்றும் இல்லை, சிரித்தால்கூடச் சத்தம் இல்லை. அக்கா திரும்பி வந்து கொக்கியைத் தைத்தபோது, "போன மாசக் கூட்டத்துக்கு வந்தீங்கல்லாக்கா" என்றேன். "ம்." "இந்த மாசம் வருவீங்களா?" "பள்ளிக்கூடம் தொறக்கப் போறான், யூனிபார்ம் வேல கெடக்கு." நூலைப் பல்லால் கடித்தார். "நீ நல்லா சிரிக்க வைக்கிய பிள்ள. எல்லாருக்கும் சந்தோசந்தான்." குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லியிருந்தால் குத்தின இடத்தைத் தடவிக்கொண்டு போயிருப்பேன், அவர் நிஜமாகவே சொன்னார். பாவாடையை வாங்கக் கையை நீட்டினபோது வெட்டுப் பலகையில் பார்த்தேன், சட்டைக் கைக்கு அளவு வெட்டின காகிதம், டெய்லர்கள் பழைய பேப்பரில் வெட்டி வைத்திருப்பார்களே அது, வளைவும் தோளும் எல்லாம் சரியாக வெட்டியிருந்தது, அதன் நடுவில் நீல மையில், ஆகவே டாக்டர். மிச்சப் பக்கங்கள் எந்தக் கழுத்தாகப் போயிற்றோ, எந்தப் பையாகப் போயிற்றோ.

ஐந்தாவது லட்சணம் என்று சொல்லி நாலாவதையே திரும்பச் சொல்கிறார் பேராசிரியர், விரல் மட்டும் ஒழுங்காக மடங்குகிறது. ஆக, அந்தக் கதை இப்போது முழுசாக இருக்கிற இடம் என் காது ஒன்றுதான். அன்று வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டில் நாலு தாள் கிழித்து உட்கார்ந்தேன். வேலாயுதம் சாரை வரிக்கு வரி உரித்து எடுக்க வேண்டியிருந்தது, ஹ்ரும்களைத் தூக்கி வெளியே போட்டேன், நான் சேர்த்த ஆகவேக்களைத் தேடிப் பிடித்து அடித்தேன், உள்ளே கதை சுத்தமாக இருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் அதன் இடத்தில். ஒரே ஒரு இடம் தவிர. கடைசியில் அந்தக் கண்டக்டர் தம்ளரைத் தட்டுகிறான், அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்புகிறாள், அதோடு கதை முடிகிறது. எத்தனை தட்டு? சிரிப்பு வந்து விழுந்த இடம் அதுதான், என் காதில் அந்த இடத்தில் சிரிப்புத்தான் இருக்கிறது, சொல் இல்லை. ஒன்று என்று எழுதினேன், நிறுத்து, நிறுத்தினாள், சரியாகத்தானே இருக்கிறது என்று பார்த்தால் வாய் ஒத்துக்கொள்ளவில்லை, என் நாக்கு அன்றைக்கு ஒரு தரத்துக்கு மேல் மேலண்ணத்தைத் தொட்டது, அது நாக்குக்குத் தெரிகிறது. அப்படியானால் இரண்டு. இரண்டென்றால் போகலாம், போகலாம் என்றால் அவள் ஏன் மெஷினை நிறுத்த வேண்டும், ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே. ஒன்று என்றால் நாக்கு இல்லை என்கிறது, இரண்டு என்றால் கதை இல்லை என்கிறது. ஒரு வாரமாக இதே வேலை, சோற்றுத் தட்டில் டங், டங் டங், "ஏட்டி, சாப்புடுதியா கச்சேரி வைக்கியா" என்று அம்மா. கடைசியில் இரண்டு என்றே எழுதினேன். நாக்குப் பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டேன், ஆனாலும் அந்த இரண்டு மேல் கண் போகும்போதெல்லாம் தைத்த இடத்தில் நூல் முடிச்சு உறுத்துகிற மாதிரி உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று குளியலறையில் நடந்தது. செந்தூர் பஸ். நான் ஆறு வயசிலிருந்து அதில்தானே பள்ளிக்கூடம் போனேன், படிக்கட்டில் ஒரு கண்டக்டர், ஏறு ஏறு ஏறு, உள்ள போ உள்ள போ, குரும்பூர் குரும்பூர் குரும்பூர், கடைசிக் குரும்பூரில் குரலை ஒரு சொடுக்குச் சொடுக்குவார், பஸ்ஸே அதில்தான் கிளம்பும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, சும்மா வாயைத் திறந்தேன், உள்ளே கிடந்தது, தூசிகூடப் படியாமல், குரும்பூர் குரும்பூர் குரும்பூர். வெளியே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "யாருட்டி அது உள்ள, ஆம்பளக் கொரலு?" பிறகு அம்மாவே, "அந்தச் செந்தூர் பஸ் கண்டக்டர்லா அது. எத்தன வருசமாச்சு கேட்டு" என்றாள். தண்ணீரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். கடைக்குப் பின்னால் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறவர் அவர்தான், அவரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது. அவர் குரலில் அவர் கதையை வாசித்தால்? எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அக்கா அழுவார், நான் ஜெயித்துவிடுவேன். பார்த்தாயா, நான் ஜெயித்துவிடுவேன் என்றுதான் வந்தது. அந்த நினைப்பு வந்ததுமே அது நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது, அதிலும் கைதட்டல் சத்தம் கேட்டது. அக்கா செய்த வாயில் நான் போய் நிற்கக் கூடாது, அவர் புருஷன் வேஷத்தில்கூட நிற்கக் கூடாது. யார் குரலும் இல்லாமல் வாசிக்க வேண்டும். அதை முடிவு செய்து ஒன்பது நாள் ஆகிறது. முடிவு செய்வது சுலபம், யார் குரலும் இல்லாத குரல் எங்கே கிடைக்கும்? கடையில் உப்புக் கேட்கும்போது அம்மா குரலில் கேட்கிறேன், கோயிலில் ஜெபம் சொல்லும்போது பாஸ்டர் அம்மா குரலில் சொல்கிறேன், தனியாகச் சிரிக்கும்போது என் சிநேகிதியின் சிரிப்பு வருகிறது. என்னுடையது எங்கேயோ இருக்கத்தான் வேண்டும், பிறந்தபோது அழுதிருப்பேனே, வைத்த இடம்தான் ஞாபகமில்லை. கண்ணாடி முன்னால் நின்று முப்பத்தோரு வருஷம் என்று நூறு தரம் சொல்லிப் பார்த்தேன், செய்தி வாசிக்கிறவர் வந்தார், தலைமையாசிரியை வந்தார், எல்லாரையும் கதவுக்கு வெளியே தள்ளித் தாழ் போட்டால் மிச்சம் ஒரு சாதாரணமான சத்தம், கொஞ்சம் கரகரப்பு, அதற்கு ஒருத்தரும் கைதட்ட மாட்டார்கள். அதுதான் வேண்டும்.

ஏழாவது விரலில் நிற்கும்போது கதவு ஓரத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம். திரும்ப வேண்டியதில்லை, பாதியில் முழுங்கின இருமல். வந்துவிட்டார். யூனிபார்ம் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார், எதற்கு வந்தார், இன்னொருத்தர் கதைக்குச் சிரிக்கவா, இல்லை, சும்மா வழக்கமாக வருகிற நாள் என்றா. வர வேண்டும், வர வேண்டும் என்று ஒரு மாசம் வேண்டிக்கொண்டவள் இப்போது வராமல் இருந்திருக்கலாமே என்று நினைக்கிறேன். முதல் வரியைக் கேட்டதும் என்ன நினைப்பார். திரும்பவுமா என்று நினைப்பார். வெட்டி எறிந்ததை ஒட்டவைத்துத் திரும்ப ஒரு தரம் சிரிக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பார். எழுந்து போய்விடுவார், கதவு ஒரு எட்டில் இருக்கிறது, அதனால்தானே அந்த நாற்காலி. அவரைக் கேட்காமல் அவர் கதையைப் பெட்டியில் போட எனக்கு யார் உரிமை கொடுத்தது. ஒருத்தரும் கொடுக்கவில்லை. இப்போதுகூட எழுந்து போய்ப் பெட்டியைத் தட்டிவிடலாம், தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்கலாம், எனக்கு வராத குறும்பா. சால்வை போடுகிறார்கள். பேராசிரியர் சால்வையின் விலைச்சீட்டைக் கையால் மறைக்கிறார், வேறு நாளாக இருந்தால் அது ஒன்றே எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். அமல்ராஜ் சார் சாவியைத் தேடுகிறார், எல்லாரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், சினிமா ஆரம்பிக்கப் போகிற மாதிரி முகம். "ரெண்டு கததான் விழுந்துருக்கு இந்த மாசம். எல்லாருக்கும் சோம்பல்." மேலே இருந்ததை எடுத்து என் கையில் கொடுக்கிறார். கணக்கு நோட்டுத் தாள். என்னுடையதே. நல்லது, காத்திருக்க வேண்டாம், பயத்துக்கும் நேரமில்லை.

எழுந்து நின்றேன். தொண்டைக்குள் இருந்த பேராசிரியரை, வேலாயுதம் சாரை, விசிறியை, எல்லாரையும் ஒரு மிடறு எச்சிலோடு கீழே அனுப்பினேன். முப்பத்தோரு வருஷம் நான் கூப்பிட்டு ஏறாத ஆளில்லை. வந்தது, கரகரப்பாக, கொஞ்சம் சின்னதாக. முன்வரிசையில் சிரிக்கத் தயாராக இருந்த வாய்கள் திறந்தபடி நின்றன. "யார் கொரலுட்டி இது? புடிபடலையே" என்றார் ராஜாமணி அண்ணன். வேலாயுதம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏ, இது போன மாசம் வந்த கதைல்லா. ஆகவே நம்ம கதைல்லா." அமல்ராஜ் சார் எழுந்தார். "பெனினா, வாசிச்சதத் திரும்ப வாசிக்க மாட்டோம்லாட்டி." கடைசி வரிசையை நான் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது. "போன மாசம் நான் வாசிக்கல சார். கூத்தடிச்சேன். இன்னைக்குத்தான் வாசிக்கேன். சிரிக்கணும்னா முடிச்சதும் சிரிங்க." அவர் உட்கார்ந்துவிட்டார். வாசித்தேன். படிக்கட்டில் நின்று கூப்பிட்ட முப்பத்தோரு வருஷத்தை வாசித்தேன், குரும்பூர் மூன்று தரம் வந்தது, உள்ளே கிடக்கிற அந்தக் குரல் எழுந்து கதவைத் தட்டியது, திறக்கவில்லை, குரும்பூர் குரும்பூர் குரும்பூர் என்று காகிதத்தில் இருக்கிறபடியே சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வந்தது, ஆகவே டாக்டர் வந்தார், ஒருத்தரும் சிரிக்கவில்லை, வேலாயுதம் சார் துண்டை மடியில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி இழுபடும், செருப்பு, படி, இதோ இப்போது, இதோ அடுத்த வரியில் என்று என் உடம்பெல்லாம் காதாக இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை, விசிறி மட்டும். சுவரை ஒட்டின நாற்காலி வந்தது. மெஷின் வந்தது. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம், முப்பத்தோரு வருஷப் பழக்கம் விரலைவிட்டுப் போகவில்லை. நாலாவது பக்கம். கடைசி மூன்று வரி. அவள் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள், பொழுது போய்விட்டது. நான் கரண்டியை எடுத்தேன். தம்ளரை இரண்டு தட்டு தட்டினேன்.

"மூணு."

நான் நிறுத்தினேன். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. டெய்லரக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் அளவு நாடா, அதன் இரண்டு நுனியையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு. ஒரு வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தில் பேசுகிறார், யாரையும் பார்த்து இல்லை, என் கையில் இருக்கிற தாளைப் பார்த்து. "ரெண்டு இல்ல பிள்ள, மூணு. ஒண்ணும் ரெண்டும் பஸ்ஸுல உள்ளது. மூணு பஸ்ஸுல கெடையாது. மூணு தட்டுனாவன்னா, அவிய எம்பேரக் கூப்புடுதாவ."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டத்தை அவரே உடைத்தார், யாரும் கேட்காமல். அமல்ராஜ் சார் பெட்டியின் நெற்றியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வேலாயுதம் சார் வாயைத் திறந்தார், அவர் கேட்க வந்தது எனக்குத் தெரியும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அதுதான் வந்திருக்க வேண்டும், ஒரு வருஷமாக எங்களோடு உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாளின் பெயர் என்ன என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. இருமல் எனக்குத் தெரியும், சரி தெரியும், பெயர் தெரியாது. வேலாயுதம் சார் வாயை மூடிக்கொண்டு தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் இரண்டை அடித்தேன். மேலே மூன்று என்று எழுதினேன். பிறகு அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனேன், யார் குரல் என்று யாரும் கேட்கவில்லை, கரண்டியை எடுத்தேன், தம்ளரை மூன்று தட்டு தட்டினேன், அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.